பூனைக்குட்டியின் எடை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தேநீர் மேசையில் நான் அடித்துவிட்ட புளுகிலிருந்து வந்தது.

புத்தக வெளியீடு ஒன்று முடிந்து ஐந்தாறு பேர் கோப்பையும் கையுமாக நின்றிருந்தோம். பேச்சு வளர்ப்புப் பிராணிகள் பக்கம் திரும்பியது. ஒருவர் தன் நாயைப் பற்றிச் சொன்னார். இன்னொருவரிடம் கிளி இருந்தது. என்னிடம் ஒன்றுமில்லை. சபையில் சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்பதை எழுதுகிறவனால் தாங்க முடியாது.

"நான் ஒரு பூனைக்குட்டிய வளத்தேன். கண்ணு திறக்காத குட்டி. தாய் செத்துப்போச்சு. சிரிஞ்சுல பால் குடுத்து, நானே..."

அந்த 'நானே'வை இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது. பக்கத்தில் நின்ற பத்திரிகை ஆசிரியர், "அடடா, இத அப்படியே எழுதிக் குடுங்க சார்," என்றார். அப்படியே என்றால் எப்படியே என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் பாடப்புத்தகம் அச்சிடும் அலுவலகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடுவதுதான் பிழைப்பு. (பிழை, பிழைப்பு. இந்தச் சிலேடையை இருபது வருடமாகச் சொல்கிறேன், யாரும் சிரித்ததில்லை.) ஓய்வு நேரத்தில் கதை எழுதுகிறேன். நீங்கள் படிப்பது இந்தக் கதையின் இரண்டாவது வரைவு. முதல் வரைவில் பூனை வளர்த்தவன் நான். இதில் அப்படி இல்லை.

2

முதல் வரைவின் தொடக்கங்களைக் காட்டுகிறேன்.

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் என் வாழ்வில் ஓர் உயிர் —'

(மழை பெய்யவில்லை.)

'மரணம் அன்று ஒரு தண்ணீர் லாரியின் உருவில் —'

(லாரி உண்மை. 'மரணம்' என்று ஆரம்பித்தால் ஆழமாகத் தெரியும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.)

'அந்தக் குட்டியை நான் கையில் எடுத்தபோது —'

(எடுக்கவில்லை. தொடக்கூட இல்லை, முதல் ஒன்பது நாள்.)

இந்த மூன்றாவது வாக்கியத்தை வைத்துத்தான் பதினான்கு பக்கம் எழுதினேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கை.

3

நடந்தது இதுதான்.

என் தங்கை ஒரே ஒரு பையுடன் என் வீட்டுக்கு வந்தாள். புருஷனை விட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். சிறுநீரகம் கெட்டவர்களை மெஷினோடு பிணைத்து, நான்கு மணி நேரம் ரத்தம் சுத்தமாகிற வரை பக்கத்திலேயே நிற்கிற வேலை. எங்கள் வீடு மூன்றாவது மாடி, இரண்டு அறை. ஓர் அறையில் நானும் மனைவியும். இன்னொன்றில் என் புத்தகங்கள், இனிமேல் என் தங்கை.

நான் கேட்ட முதல் கேள்வி: "அடிச்சாரா?"

"இல்ல."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"அப்புறம் என்னதான் பிரச்சனை?"

"மூணு வாரம் ஒரு வார்த்தை பேசமாட்டாரு அண்ணா. என்ன தப்புன்னு கேட்டா அதுக்கும் பதில் கிடையாது. உப்பு வேணும்னா சுவத்தப் பாத்து 'உப்பு'ன்னு சொல்லுவாரு. அப்புறம் ஒரு நாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிச்சுப் பேசுவாரு. நாலு நாள் கழிச்சு மறுபடி."

"பேசாம இருக்கிறதெல்லாம் ஒரு குத்தமா?" என்றேன்.

அவள் பையைத் தூக்கி என் புத்தக அறையில் கொண்டுபோய் வைத்தாள். அவள் சொன்ன 'உப்பு' மட்டும் என் நோட்டுப் புத்தகத்துக்குப் போய்விட்டது. நல்ல விவரம், ஒரு கதைக்கு ஆகும் என்று.

நான்காம் நாள் பகல் ஷிப்ட் முடிந்து வந்தவள், கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் தண்ணீர் லாரி ஏறிச் செத்துக் கிடந்த பூனையைப் பார்த்திருக்கிறாள். மடி கனத்திருந்தது என்றாள். அப்படியென்றால் குட்டிகள் இருக்க வேண்டும். யாரோ தூக்கிப்போட்ட சோபாவின் அடித்துணி கிழிந்திருந்தது. கையை உள்ளே விட்டாள். மூன்று. இரண்டு விறைத்திருந்தன. மூன்றாவது வாயை மட்டும் திறந்தது, சத்தம் வரவில்லை.

அதைச் சீருடைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாள். முதல் வரைவில் இந்த இடத்தில் 'என் கைகள் தாமாக நீண்டன' என்று இருக்கிறது.

நான் உண்மையில் சொன்னது: "இருக்கிற கஷ்டத்துல இது வேறயா?"

4

அவள் முதலில் பால் கொடுக்கவில்லை. வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி, குட்டியைப் பக்கத்தில் போட்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். உடம்பு சூடு ஏறாமல் வயிற்றில் எதுவும் போகக் கூடாதாம். அதற்குள் கால்நடை மருத்துவரிடம் போனில் பேசி, பூனைக்குட்டிக்கென்றே விற்கிற பால் பவுடர் என்ன என்று கேட்டுக்கொண்டாள். பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. ஒவ்வொரு முறையும் பால் குடித்த பிறகு வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவி மூத்திரம் போக வைத்தாள். தாய் நாக்கால் செய்கிற வேலை. அது இல்லாவிட்டால் குட்டிக்குத் தானாகப் போகத் தெரியாது.

தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை. டயாலிசிஸில் நோயாளியை மெஷினில் போடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். அவளுக்கு அது கைப்பழக்கம். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினாள். 128. 128. 131. 129. 140. அந்த 129 அன்று அவள் சாப்பிடவில்லை.

முதல் வரைவை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இது பல வாரம் கழித்து, அவள் திரும்பப் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு. தகவல் பிழை இருந்தால் சொல்லட்டும் என்று மருத்துவமனை கேன்டீனுக்கே கொண்டுபோனேன். இரண்டாம் பக்கத்திலேயே சிரித்துவிட்டாள்.

"என்னண்ணா இது, மல்லாக்கப் போட்டு மடியில வச்சுப் பால் குடுக்கிற? மனுசக் குழந்தையா? நுரையீரலுக்குள்ள போயிரும். குப்புற வச்சுத்தான் குடுக்கணும். உன் கதையில அது ரெண்டாம் பக்கத்துலயே செத்துருக்கும்."

"திருத்திடறேன்."

"கால்புள்ளியா? அதுக்கு நான் பேரே வைக்கலயே."

"சுருண்டு படுத்தா கால்புள்ளி மாதிரி இருந்துச்சு. கதைக்காக."

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். அப்புறம் டீயை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்: "இதுல நான் எங்க?"

"ஆள் கம்மியா இருந்தாத்தான் கதை கட்டுக்கோப்பா இருக்கும்," என்றேன். கதை எழுதத் தெரிந்தவனிடம் இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும்.

5

ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம்.

முதல் வரைவில் மனைவி என்று ஒருத்தி வருகிறாள். மூக்கைப் பொத்திக்கொள்கிறாள், 'நாத்தம்' என்கிறாள், 'நானா, இந்தச் சனியனா' என்று கூட ஒரு இடத்தில் கேட்கிறாள். கதைக்கு ஒரு எதிர்ப்பு வேண்டும் அல்லவா.

என் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அந்தப் பால் பவுடரை மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி வந்தது அவள்தான். என் தங்கை வேலைக்குப் போகிற நேரத்தில் தன் சாப்பாட்டு இடைவேளைக்கு வீட்டுக்கு ஓடிவந்து பால் கொடுத்ததும் அவள்தான். குட்டிக்கு ஒரு கண் மட்டும் பாதி திறந்த அன்று பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வலது கண்ணு பரவாயில்ல. இடது கண்ணுக்கு நாளைக்கு அப்பாயின்ட்மென்ட்," என்றாள். நாத்தனாரும் அண்ணியும் அன்று சிரித்த மாதிரி அதற்கு முன்பு சிரித்துப் பார்த்ததில்லை. நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டேன், ஒரு பத்தியை முடிக்க வேண்டியிருந்தது.

* 'நாத்தம்' என்று சொன்னது நான்.

6

நான்காவது வாரம் பல் முளைத்தது. சிரிஞ்சுக்குப் பதிலாக வாங்கியிருந்த பால் பாட்டிலின் காம்பைக் கடித்துத் துண்டாக்கியது. பாலை நிறுத்துகிற காலம் வந்துவிட்டது என்றாள் தங்கை.

தட்டையான தட்டில் பாலோடு குட்டித் தீவனத்தைக் கூழாகக் கரைத்து வைத்தாள். குட்டி அதை முகர்ந்தது, தும்மியது, நான்கு காலோடு உள்ளே இறங்கி நின்றுகொண்டு பாட்டிலுக்காகக் கத்தியது. விரலில் கூழைத் தொட்டு உதட்டில் தடவினாள். துப்பியது. அடுத்த வேளையும் துப்பியது. தட்டைத் தள்ளிவிட்டு அவள் மணிக்கட்டில் வாய் வைத்துச் சப்பப் பார்த்தது. "பசிக்கட்டும்னு விட்டுரு, தானா தின்னும்," என்றேன். "பசியில வச்சுப் பழக்கக் கூடாது. ஒரு வேளை தட்டு, ஒரு வேளை பாட்டில். அதுவா விடணும்," என்றாள். அதுவாகவே விட ஒன்பது நாள் ஆனது. அட்டைப்பெட்டி மூடியில் என் பழைய அச்சுப்படிகளைக் கிழித்துப் போட்டு, அதில் போய் ஒன்றுக்கிருக்கவும் பழக்கினாள். முதல் வேளையே சரியாகப் போனது. அலுவலகத்தில் என் திருத்தங்களுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அந்த ஒன்பது நாளில்தான் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். என்னிடம் நன்றாகவே பேசினார். நலம் விசாரித்தார், என் எழுத்தைப் பற்றிக்கூடக் கேட்டார். "நாலு பேரு என்ன நினைப்பாங்க, நீங்களே சொல்லுங்க," என்றார். எனக்கு என் அறை திரும்ப வேண்டியிருந்தது. அதை நான் அப்படி நினைக்கவில்லை. 'குடும்பம்' என்று நினைத்தேன்.

ஒரு காலை, மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்: "ஞாயித்துக்கிழம வர்றாராம். கூட்டிட்டுப் போக."

"நீ வரச் சொன்னியா?"

"பேசித் தீத்துக்கலாமே."

"பேசறதுதான் அண்ணா அங்க இல்ல. இன்னும் ரெண்டு மாசம் குடு. ஹாஸ்பிடல் பக்கத்துல ரூம் பாக்கறேன்."

குட்டி அவள் காலடியில் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் காட்டினேன்.

"பூனைக்கே ஒரு மாசத்துல பால மறக்க வச்சுட்ட. உனக்கு எத்தன மாசம் வேணும்?"

(முதல் வரைவில் இந்த வாக்கியத்தை மனைவிக்குக் கொடுத்திருந்தேன். நல்ல வாக்கியம். அதனால்தான் வீணாக்க மனமில்லை. சொன்னது நான்.)

மனைவி எழுந்து போனாள். தங்கை மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். ஞாயிறு அன்று பையோடு கிளம்பினாள்.

7

அந்த வாரம் குட்டி ஊர் சுற்றத் தொடங்கியிருந்தது. பெட்டியை விட்டு வெளியே வந்து, சுவரோரமாக வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் வரை போய், அங்கே எதையோ பார்த்துப் பயந்து பக்கவாட்டிலேயே ஓடி வரும். திரைச்சீலையில் பாதி ஏறி, இறங்கத் தெரியாமல் தொங்கும். அதனால் தங்கை வாசலுக்குக் குறுக்கே புத்தக அலமாரியின் பலகை ஒன்றைச் செருகி வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டில் பூனைக்கு இடமில்லை. குட்டியை எங்களிடம் விட்டுப் போனாள். அன்றைய எடை 562.

"பலகைய மட்டும் எடுத்துராதண்ணா. அதுக்கு இப்ப பயம் தெரியாது."

இரண்டு நாள் தாண்டித் தாண்டிப் போய்வந்தேன். மூன்றாம் நாள் எழுதுவதற்காக லீவு போட்டிருந்தேன். பகல், வீட்டில் நான் மட்டும். பலகையில் கால் தடுக்கி விழப் பார்த்தேன். பிடுங்கி மூலையில் சாத்தினேன். கூரியர்க்காரர் வந்தார், கையெழுத்துப் போட்டேன், கதவைச் சாத்தினேனா என்று தெரியாமல் மேசைக்குத் திரும்பினேன். ஒரு பெண்ணின் கணவன் சுவரைப் பார்த்து உப்புக் கேட்கிற காட்சியை எழுதிக்கொண்டிருந்தேன். மிக நன்றாக வந்துகொண்டிருந்தது. மனைவி வேலை முடிந்து வந்து, "கதவு ஏன் தெறந்து கெடக்கு?" என்று கேட்டபோது மாலை ஐந்து மணி. குட்டிக்கு மதியச் சாப்பாடே வைத்திருக்கவில்லை.

மாடிப்படி, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, கீழே அந்த சோபா. மனைவி தட்டைத் தட்டிக்கொண்டே தெரு முழுக்க நடந்தாள். இரண்டு நாள் நடந்தாள். கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

* இங்கே ஒரு நம்பிக்கை வைக்கலாம். யாரோ எடுத்து வளர்க்கிறார்கள் என்று. வைக்கத் தெரியும். வைக்கவில்லை.

8

ஞாயிறு தங்கை மருத்துவமனையிலிருந்து போன் செய்தாள். "போட்டோ அனுப்பாதண்ணா, அவரு போன எடுத்துப் பாப்பாரு. அங்க வந்தா அதுக்கும் பேச்ச நிறுத்திருவாரு. எடை மட்டும் சொல்லு."

சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். வந்தது இதுதான்: "அறுநூத்தி நாப்பது."

"அப்பாடா," என்றாள். அவள் அங்கே போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த 'அப்பாடா'வைக் கேட்ட பிறகு அடுத்த ஞாயிறு எப்படி மாற்றிச் சொல்வது?

730. 815. 900. குட்டிகள் எப்படி வளரும் என்று தேடிப் படித்து ஒரு அட்டவணையே போட்டுக்கொண்டேன். எடை ஒழுங்காக ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் வரும் என்று ஒரு வாரம் நாற்பது கிராம் குறைத்துச் சொன்னேன். "வயித்தால போகுது," என்றேன். அவள் பதறிப்போனாள். நோயாளிகளுக்கு நடுவே மூன்று முறை கூப்பிட்டாள், இதைக் கொடு, அதை நிறுத்து, தண்ணி குடிக்குதா, கண்ணு குழி விழுந்திருக்கா என்று. மறுநாள் 'இப்ப தேவலை' என்று சொல்லும்போது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. ஒரு திருப்பம் சரியாக அமைந்த திருப்தி. இதை எழுதும்போது வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

கேன்டீனில் முதல் வரைவைப் படித்து அவள் சிரித்தபோது குட்டி காணாமல் போய்ப் பத்து வாரம்.

ஞாயிறு போன் மணி அடித்தாலே என் மனைவி பால்கனிக்குப் போய்விடுவாள். ஒருமுறை, "நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா, நானும் சேந்து மறைச்சேன்னு தெரிஞ்சு அவ என்னையும் இழந்துருவா," என்றாள்.

9

பதினேழாவது ஞாயிறு தங்கை எடை கேட்கவில்லை.

"அண்ணா, ரூம் கிடைச்சிருச்சு. ஹாஸ்பிடலுக்குப் பின்தெரு. பூனை இருந்தாப் பரவாயில்லன்னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க. அதக் கேட்டுட்டுத்தான் அட்வான்ஸே குடுத்தேன். நேத்து வந்துட்டேன்."

"தனியாவா? இங்க வந்திருக்கலாமே."

"உன் வீட்டுக்கு வரல. பூனைய எடுத்துட்டுப் போக வர்றேன். புதன்கிழம."

மூன்று நாள் இருந்தது. எழுதுகிறவனுக்கு மூன்று நாள் தாராளம். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அதே நிறத்தில் ஒரு பூனையைப் பிடித்து வைப்பது. (இதற்காக நிஜமாகவே ஒரு பூனை விற்பவரிடம் போனேன். அவர் "என்ன வயசு சார் வேணும்?" என்று கேட்டபோதுதான் எனக்கே அசிங்கமாகிவிட்டது.)

இரண்டு: நேற்றுத்தான் ஓடிப்போனது என்று சொல்வது. அவள் அழுவாள். நானும் கூட உட்கார்ந்து அழலாம். உருக்கமான முடிவு.

மூன்று: கதவைத் திறந்ததும் உண்மையைச் சொல்வது, அவள் என்னை மன்னிப்பது, வாசலில் எங்கிருந்தோ ஒரு 'மியாவ்' —

(போதும்.)

10

புதன் காலை வந்தாள். முகம் இளைத்திருந்தது. கையில் புதுப் பூனைக்கூடை, உள்ளே மடித்த துண்டு. மனைவி அவளைக் கட்டிக்கொண்டு விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்க அது?" என்றாள் தங்கை.

"இல்ல," என்றேன்.

"இல்லன்னா?"

"நீ போன மூணாம் நாளே. கதவு தெறந்திருந்துச்சு."

அவள் கூடையைத் தரையில் வைக்கவில்லை. கையிலேயே பிடித்திருந்தாள். மனதுக்குள் எதையோ கூட்டிக் கழிக்கிற முகம்.

"அப்ப அந்த எடையெல்லாம்?"

"நானா எழுதினது."

"வயித்தால போச்சே, அதுவும்?"

"அதுவும்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்கு என்னிடம் பதில்கள் இருந்தன. அவள் மிக மெதுவாகச் சொன்னாள்: "நல்லா எழுதியிருக்கண்ணா. ஒரு இடத்துல கூட எனக்குச் சந்தேகம் வரல. அந்த வீட்டுல ராத்திரியெல்லாம் சுவத்தப் பாத்துப் படுத்திருப்பேன். இந்த வாரம் எவ்வளவு ஏறியிருக்கும்னு நினைச்சுட்டுத்தான் தூங்குவேன்."

மனைவி அழுதாள். நான் 'மன்னிச்சிரு' என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். எத்தனை கதைகளில் எத்தனை பேர் வாயில் அதைப் போட்டிருக்கிறேன்.

"இதையும் எழுதுவ இல்ல?" என்றாள்.

மேசையில் கிடந்த நோட்டுப் புத்தகத்தை மூடினேன்.

"எழுது. இந்தத் தடவ என்னை விட்டுராத." கூடையோடு வாசலுக்குப் போனாள். படியில் இரண்டு இறங்கி நின்றாள். "ஒண்ணு சொல்றேன். இத மட்டும் எழுதாத."

சொன்னாள். பிறகு இறங்கிப் போனாள்.

ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், கதை முடிவில்லாமல் நிற்கிறதே, அந்தப் பெண் கடைசியில் என்னதான் சொன்னாள், வாசகன் கேட்பானே என்று. கேளுங்கள். உங்கள் வீட்டில் ஒரு தங்கையோ அக்காவோ இருந்தால், உங்களிடம் எதைச் சொல்லியிருப்பாள் என்று யோசித்து அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நான் எழுத மாட்டேன். அவள் சொன்ன எதையும் நான் கேட்டதில்லை, இதை மட்டுமாவது கேட்கிறேன்.

ஆறு சொல். (அதைக்கூட நான் சொல்லியிருக்கக் கூடாது.)